நெல்லின் வயதும் மழையின் நாளும்

மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். காவிரி டெல்டாவில் விதைநெல்லை ஊறப்போடுவது, உழவுக்கு டிராக்டர் சொல்லி வைப்பது, நகையை அடகுக்கு எடுத்துப்போவது எல்லாமே அந்தத் தேதியிலிருந்து கணக்கிட்டு நடந்தவை. 2012 முதல் 2019 வரை, தொடர்ந்து எட்டு ஆண்டுகள், அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2017இல் திறந்தபோது அக்டோபர் 2 ஆகிவிட்டது. 2022இல் தலைகீழாக, மே 24ஆம் தேதியே தண்ணீர் வந்தது. 2023இல் முறைப்படி ஜூன் 12இல் திறந்தார்கள். ஆனால் அணையில் நீர் வற்றி அக்டோபர் 10இல் மூடிவிட்டார்கள். 2024இல் ஜூலை 28.

இதில் கர்நாடகத்துடனான நீர்ப் பங்கீட்டுத் தகராறுக்கும் பங்குண்டு. ஆனால் அந்தத் தகராறு முற்றுவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை காவிரியின் மேற்பகுதியில் கைவிட்ட ஆண்டுகளில்தான். தண்ணீர் நிறைய வரும் ஆண்டில் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சு பெரும்பாலும் டிகிரிக் கணக்கில் நடக்கிறது. ஐந்து மா, ஆறு மா நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு அது தேதிக் கணக்காக வந்து சேர்கிறது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு சாகுபடியாளரிடம் உள்ள நிலத்தின் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அவ்வளவு நிலத்தில் ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்துக்கு முதல் இருக்காது. அதனால் தேதி தப்பும்போது என்ன செய்வது என்பதுதான் அவருடைய பருவநிலைத் தகவமைப்பின் முழுச் சாரமும். அதற்கு அவர் கையில் உள்ள முதல் கருவி, நெல்லின் வயது.

டெல்டாவில் ரகத்தைப் பற்றிப் பேசினால் முதலில் வரும் கேள்வி, “எத்தனை நாள் வயசு?” என்பது. குறுவைக்கு நூறிலிருந்து நூற்றிருபது நாள். சம்பாவுக்கு நூற்று முப்பத்தைந்திலிருந்து நூற்று அறுபது நாள் வரை. ஜூனில் விதைத்த குறுவை செப்டம்பரில் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஜூலை நடுவைத் தாண்டி விதைத்தால் அறுவடை வடகிழக்குப் பருவமழையில் போய் மாட்டும். ஆகவே அணை தாமதமானால் குறுவையை விட்டுவிட்டுச் சம்பா ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சம்பாவின் கணக்கு வேறு: அக்டோபர் மூன்றாம் வாரம் பருவமழை தொடங்குவதற்குள் பயிர் வேர் பிடித்து நிற்க வேண்டும், மழை ஓய்ந்த பிறகு பூக்க வேண்டும், தை மாதத்துப் பனியிலும் வெயிலிலும் மணி முற்ற வேண்டும்.

இந்தக் கணக்கை அந்தக் காலத்துச் சம்பா ரகங்கள் தாமாகவே போட்டுக்கொண்டன. நெல்லின் இலை இரவின் நீளத்தை அளக்கிறது. தஞ்சாவூரில் ஜூன் பிற்பகுதியில் பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். டிசம்பர் பிற்பகுதியில் பதினொன்றரை மணி. வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். நமக்கு உறைக்காத அந்தச் சுருக்கத்தை நாட்டுச் சம்பா உணர்ந்துகொள்ளும். பகல் ஓர் அளவுக்குக் கீழே குறைந்ததும் இலையில் ஒரு புரதம் உருவாகி, தண்டின் நுனிக்குப் பயணித்து, ‘இனி இலை போதும், கதிர் கட்டு’ என்று அங்குள்ள செல்களைத் திருப்பிவிடுகிறது. அந்தப் புரதம் இலையிலிருந்து நுனிக்குப் போவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007இல் நெல்லிலேயே காட்டினார்கள். இதன் விளைவு வயலில் தெளிவாகத் தெரியும். ஜூலையில் விதைத்த சம்பாவும் ஒரு மாதம் பிந்தி விதைத்த சம்பாவும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பூக்கும். முந்தி விதைத்தது கூடுதலாகத் தூர் கட்டியிருக்கும், அவ்வளவுதான். தண்ணீர் எப்போது வந்தாலும் பூப்பது மழை முடிந்த பிறகே என்ற ஏற்பாடு விதைக்குள்ளேயே இருந்தது.

1960களில் வந்த புதிய ரகங்கள் இந்தப் பழக்கத்தைக் கைவிட்டன. 1965இல் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஆடுதுறை 27, அடுத்த ஆண்டு வந்த ஐ.ஆர். 8 போன்றவை பகலின் நீளத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. விதைத்த நாளிலிருந்து இத்தனை நாள் என்று எண்ணிக் கதிர் விடும். இதனால்தான் ஆண்டுக்கு இரண்டு போகம் பரவலானது, விளைச்சல் பெருகியது. அந்த நன்மையைச் சிறிதாக்கிப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் தேதியைக் கணிக்கும் பொறுப்பு விதையிடமிருந்து விவசாயியிடம் வந்துவிட்டது. அணையும் மழையும் ஓரளவு ஒழுங்காக இருந்தவரை அந்தப் பொறுப்பு பெரிய சுமையாகத் தெரியவில்லை.

இப்போது கடைமடையில் அதன் பாரம் தெரிகிறது. அணை திறந்து திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்து வாய்க்காலின் கடைசி மடைக்குத் தண்ணீர் எட்டப் பல வாரங்கள் ஆகும். சில ஆண்டுகளில் எட்டுவதே இல்லை. தண்ணீரை நம்பி நாற்று விட்டவருக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. குறுகிய வயது ரகத்தின் நாற்றை இருபத்தைந்து நாளுக்குள் பறித்து நட்டுவிட வேண்டும். தண்ணீர் வரவில்லை என்று நாற்றங்காலிலேயே விட்டுவைத்தால் பயிருக்கு அது தெரியாது. வயது ஓடிக்கொண்டே இருக்கும். நட்ட பிறகு தூர் கட்ட நாள் போதாமல், ஒல்லியாக நாலைந்து தூரோடு கதிர் விட்டுவிடும். முற்றிய நாற்றை நட்ட வயலைப் பார்த்தாலே தெரியும்: குத்துக்குக் குத்து இடைவெளி விட்டு, தண்ணீர் மின்ன நிற்கும்.

இதிலிருந்து தப்பக் கடைமடை விவசாயிகள் நாற்றங்காலையே விட்டுவிட்டார்கள். ஆவணியில் பெய்யும் இரண்டு மழையில் காய்ந்த வயலை உழுது, விதையை நேரடியாகத் தெளிக்கிறார்கள். நாற்று பறிப்பு, நடவுக் கூலி மிச்சம். சேறடிக்கத் தண்ணீர் தேவையில்லை. பிடுங்கி நடும் அதிர்ச்சி இல்லாததால் பயிர் ஒரு வாரம், பத்து நாள் முந்தியும் விளையும். திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் இன்று சம்பாவின் பெரும்பகுதி இப்படி நேரடி விதைப்புதான். இதற்கு விலை களையில் போகிறது. நட்ட வயலில் நெல்லுக்கு மூன்று வார முன்தொடக்கமும், களையை அமுக்க நிற்கும் நீரும் உண்டு. நேரடி விதைப்பில் இரண்டும் கிடையாது. நெல்லும் கோரையும் ஒரே நாளில் முளைக்கின்றன. நடவுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களின் வேலை நாள்கள் குறைந்ததையும் சேர்த்தே இந்த மாற்றத்தை எடைபோட வேண்டும். ஒரு வீட்டின் தகவமைப்பு அடுத்த வீட்டின் கூலி இழப்பாக இருக்கிறது.

விதைத்து முளைத்துவிட்டது, அடுத்து வெள்ளம். காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மழை நாள்கள் பெருகாமலே மழையின் வேகம் பெருகுகிறது. பத்து நாளில் பெய்ய வேண்டியது இரண்டு நாளில் கொட்டுகிறது. வடிகாலுக்கு வாட்டமில்லாத கடலோர டெல்டாவில் அந்தத் தண்ணீர் வயலில் நின்றுவிடும்.

நெல் தண்ணீரில் வாழும் பயிர்தானே என்று தோன்றலாம். காலளவு நீரில் வாழும்; தலை மூழ்கினால் சாகும். மூழ்கிய செடிக்குள் எத்திலீன் என்ற வாயு சேர்கிறது. காற்றில் சுலபமாக வெளியேறிவிடும் அது, நீரில் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும் என்பதால் உள்ளேயே தேங்குகிறது. செடி அதை ‘மேலே போ’ என்ற உத்தரவாக எடுத்துக்கொண்டு, சேமித்து வைத்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து இலையை நீட்டுகிறது. ஒரு வாரத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். தண்ணீர் வடியும்போது நீண்டு வெளிறிய இலை நிற்க முடியாமல் சாய்ந்து அழுகும்.

ஒடிசாவின் ஒரு நாட்டு ரகம் வேறு விதமாக நடந்துகொண்டது. எஃப்.ஆர். 13ஏ என்ற பெயரில் அதைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். மூழ்கினால் அது வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். இரண்டு வாரம் வரை கிடக்கும். நீர் வடிந்ததும் எஞ்சிய சத்தில் புதுத் துளிர் விடும். எத்திலீனின் உத்தரவைத் தடுக்கும் சப்1ஏ என்ற மரபணுவே காரணம் என்று 2006இல் கண்டறிந்தார்கள். அதைக் கலப்பின வழியில் பிரபல ரகங்களுக்குள் கொண்டுவந்தபோது ஸ்வர்ணா சப்1 பிறந்தது. இந்தியாவில் 2009இல் வெளியானது. டெல்டாவில் பொன்மணி என்று அழைக்கப்படும் சி.ஆர். 1009 ரகத்துக்கும் இப்போது சப்1 வடிவம் இருக்கிறது. ஒடிசா உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வெள்ளத்தில் பிழைத்த கதிரை விதைக்கு எடுத்து வைத்திராவிட்டால் ஆய்வகத்துக்கு அந்த மரபணு கிடைத்திருக்காது. இதை நாம் போதிய அளவு சொல்வதில்லை என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்திலும் பள்ளக்காலுக்கு மடுமுழுங்கி, உவர் நிலத்துக்குக் களர்பாளை, கடலோரத்துக்குக் குழியடிச்சான் என்று ரகங்கள் இருந்தன. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006இல் தொடங்கிய நெல் திருவிழாவில் விதை வாங்குபவர் இரண்டு கிலோ எடுத்துப்போய் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் அவர் காலமாகும் முன் நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட ரகங்கள் இப்படிப் புழக்கத்துக்குத் திரும்பியிருந்தன. நாட்டு ரகமெல்லாம் எதையும் தாங்கும் என்று சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. மடுமுழுங்கி மேட்டுக்காலில் சோபிக்காது. உயரமான ரகங்கள் புயலில் எளிதில் சாயும், விளைச்சலும் குறைவு. அவற்றின் அருமை, ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட இக்கட்டுக்குப் பழகியது என்பதில் இருக்கிறது. எந்த இக்கட்டு வரும் என்று தெரியாத காலத்தில் பலவும் புழக்கத்தில் இருப்பது நல்லது. முன்பு தஞ்சைப் பகுதியில் குறுவை விதையோடு நீண்ட வயதுள்ள ஒட்டடான் விதையைக் கலந்தே விதைப்பார்கள். குறுவை முந்தி அறுவடையாகும். அதோடு அறுபட்ட ஒட்டடான் மறுபடி தழைத்து மழைக்காலத்தைக் கடந்து தையில் கதிர் தரும். ஒரே வயலில், ஒரே விதைப்பில், இரண்டு வயது.

சப்1 மரபணு இளம் பயிரைத்தான் காக்கும். கதிர் முற்றிய பிறகு வரும் மழைக்கு அதனிடம் மருந்தில்லை. 2021 ஜனவரியில் டெல்டாவில் வழக்கத்தில் இல்லாத கனமழை, அறுவடைக்கு நின்ற சம்பா மேல் கொட்டியது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடி. பழைய சம்பா பகலை அளந்து போட்ட கணக்கும் இங்கே தவறிவிடுகிறது. சூரியன் சொன்ன நாளில்தான் முற்றியது, மழைதான் தன் நாளை விட்டு வந்தது. சாய்ந்த கதிர் நீரில் கிடந்தால் இரண்டு மூன்று நாளில் மணி கதிரிலேயே முளைவிடும். காட்டு நெல்லுக்கு நீண்ட விதையுறக்கம் உண்டு, முற்றினாலும் வாரக்கணக்கில் முளைக்காது. அறுத்த விதையை உடனே அடுத்த போகத்துக்கு விதைக்க வேண்டும் என்ற தேவை வந்தபோது நாம் அந்த உறக்கத்தைக் குறைத்துக்கொண்டே வந்தோம். சில வார உறக்கமுள்ள ரகங்களைத் தேடும் வேலை இப்போது முக்கியமாகிவிட்டது.

அறுவடை பிந்தினால் அதன் பின்னால் வரும் உளுந்தும் கெடும். சம்பா அறுப்பதற்கு ஏழெட்டு நாள் முன், ஈரம் மெழுகுபோல் இருக்கும்போது, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தைத் தூவிவிடுவது டெல்டாவின் பழைய முறை. உழவில்லை, பாசனமில்லை, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும் போதும். ஆனால் ஆளுக்குப் பதில் அறுவடை இயந்திரம் இறங்கிய பிறகு அதன் சங்கிலிச் சக்கரம் முளைத்த உளுந்தை நசுக்குகிறது. ஆகவே பலர் அறுத்த பிறகு விதைக்கிறார்கள். அதற்குள் ஈரம் போய்விடுகிறது. கூலியாள் கிடைக்காத சிக்கலும் மழை தப்பும் சிக்கலும் வயலில் தனித்தனியாக வருவதில்லை.

ராமநாதபுரத்துக்குப் போனால் காத்திருப்பதையே ஒரு தொழில்நுட்பமாக்கியிருக்கிறார்கள். அங்கே பெரும்பகுதிக்கு நம்பி விதைக்க ஆற்றுப் பாசனம் இல்லை. கண்மாயும் வடகிழக்குப் பருவமழையும்தான். மழை வந்த பிறகு உழுது விதைத்தால் முதல் மழையின் ஈரம் வீணாகும். சேற்றில் இறங்கவும் முடியாது. அதனால் புரட்டாசிக்கு முன்பே, ஒரு துளி ஈரமில்லாத புழுதியில் நெல்லை விதைத்துவிடுகிறார்கள். விதை மண்ணுக்குள் கிடந்து மழைக்குக் காத்திருக்கும்.

இதில் பயம் வறட்சி அல்ல, அரைகுறை மழை. ஒரு தூறல் விழுந்து விதை முளைத்து, அதன்பின் பத்து நாள் வெயில் அடித்தால் முளை கருகிவிடும். விதை கொஞ்சம் ஆழத்தில் விழுவது இதற்கு ஒரு காப்பு: தூறல் மேல்மண்ணை மட்டும் நனைக்கும், நல்ல மழைதான் விதை வரை இறங்கும். இன்னொரு காப்பு, வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் விதைக் கடினப்படுத்தல். ஒரு சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் விதையைப் பதினாறு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்திப் பழைய எடைக்குக் கொண்டுவர வேண்டும். ஊறும்போது முளைப்பதற்கான நொதிகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. முளைக்குருத்து வெளியே வருமுன் உலர்த்துவதால் அந்த ஏற்பாடுகள் கலையாமல் நின்றுவிடுகின்றன. பிறகு மழை கிடைத்ததும் இந்த விதை மற்றதைவிட முந்தி முளைத்து, முந்தி வேரை ஆழத்துக்கு அனுப்பும். செலவு மிகக் குறைவு. ஒரு அண்டாவும் ஒரு இரவும் போதும்.

முளைத்த நெல் முதல் மாதம் மானாவாரிப் பயிராகவே நிற்கும். அப்போது பல வயல்களில் இளம் இலை வெளுத்து மஞ்சளாகும். நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லாததால் இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறி வேருக்குக் கிடைக்கும்; புழுதி மண்ணில் அது துருவாகவே இறுகிக் கிடக்கும். அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்து இலையில் தெளித்தால் சில நாளில் பச்சை திரும்பும். கண்மாய் பெருகியதும் மடை திறந்து அதே பயிரை நஞ்சையாக மாற்றிக்கொள்வார்கள். இதற்கென்றே பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது நூறு நாள் சொச்சம் வயதுள்ள அண்ணா (ஆர்) 4. கண்மாய் பெருகாத ஆண்டிலும் கிடைத்த மழைக்குள் ஓடி முடித்துவிடும் வயது அது.

வெப்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பகல் வெயிலைவிட இரவின் வெக்கை நெல்லை அதிகம் அரிக்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடியபோது கோடைப் போக விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்ததாக 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. பகலில் சேர்த்த மாவுச்சத்தைச் செடி இரவில் சுவாசத்துக்கே எரித்துவிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். பகலில் ஆபத்தான நேரம் சிறியது: நெற்பூ முற்பகலில் ஒரு மணி நேரம் போலத் திறக்கும், அந்த நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செத்து மணி பதராகும். விடியலிலேயே பூக்கும் குணத்தைக் காட்டு நெல்லிலிருந்து எடுத்துப் புகுத்தும் முயற்சி நடக்கிறது. வயலில் இருப்பவர் அதுவரை செய்யக்கூடியது, பூக்கும் நாளை வெயிலுக்கு விலக்கி வைப்பது. மறுபடியும் தேதிதான்.

பம்புசெட் உள்ளவர்களுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் நல்ல வழி. கீழ்ப்பாதியில் துளையிட்ட ஒரு குழாயை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபடி தண்ணீர் விடுவார்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். நீரும் மிஞ்சும், மீத்தேன் வாயுவும் பாதியளவுக்குக் குறையும். ஆனால் முறை வைத்துத் தண்ணீர் வரும் கடைமடையில் இதைச் சொல்வது நியாயமில்லை. வரும் தண்ணீரை விட்டுவிட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாதவர் வயலைக் காயவிட மாட்டார். அவர் செய்வது சரிதான்.

இத்தனை வழிகள் இருந்தும் ஏன் பலருக்கு நட்டம் தொடர்கிறது என்றால், தேதியை மாற்றிக்கொள்ள விதையும் விவசாயியும் தயாராக இருக்கும்போது, அவர்களைச் சுற்றியுள்ள ஏற்பாடுகள் மாறுவதில்லை. மழையில் நனைந்த நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தளர்வு வேண்டும் என்று மாநில அரசு கடிதம் எழுதி, ஒன்றிய அரசின் குழு வந்து மாதிரி எடுத்து, உத்தரவு வருவதற்குள் நெல் சாலையோரத்தில் கிடந்து சூடேறும். ஊருக்கு ஒரு பொது உலர்த்தி இருந்தால் இந்தக் காத்திருப்பில் பெரும்பகுதி தேவையில்லை. சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு நவம்பர் நடுவில் கெடு. பிந்தி விதைத்தவர் ஒவ்வோர் ஆண்டும் நீட்டிப்பு அறிவிப்பை எதிர்பார்த்து நிற்கிறார். குத்தகைக்குச் சாகுபடி செய்பவரின் நிலை இன்னும் மோசம். கிராமச் சாகுபடிப் பதிவேடான அடங்கலில் அவர் பெயர் இல்லையென்றால் கூட்டுறவுக் கடன் இல்லை, காப்பீட்டில் சேர்வது கடினம், நிவாரணம் நில உரிமையாளரின் கணக்குக்குப் போகிறது. பயிரின் நட்டம் முழுவதும் அவருடையது.

விதையிலும் இதே கதை. செப்டம்பர் வந்தும் தண்ணீர் வரவில்லை, நூற்றைந்து நாள் ரகத்துக்கு மாறலாம் என்று ஒரு கிராமமே முடிவெடுத்தால், அந்த ரகத்தின் விதை வேளாண் விரிவாக்க மையத்தில் அன்று இருப்பில் இருக்க வேண்டும். வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று படிப்படியாகப் பெருக்கித்தான் மூட்டைக்கு வரும். நினைத்த வாரத்தில் உண்டாக்க முடியாது. முந்தைய ஆண்டே யாராவது ஒரு வயலை அதற்கு ஒதுக்கி, விளைந்ததைக் காயவைத்து, மாற்றுத் திட்டத்துக்கென்று எடுத்து வைத்திருக்க வேண்டும். தேவைப்படாமல் போனால் அந்த மூட்டைகளை அரிசிக்கு விற்று வித்தியாசத்தை அரசு ஏற்க வேண்டும். ஒரு மாவட்டத்தின் பயிர் இழப்பு நிவாரணத்தோடு வைத்துப் பார்த்தால் அது சிறிய தொகை. இந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்கக்கூடியது.